பருப்பு இல்லாத மருந்துச் சீட்டு

காசநோய் ஏழைகளின் நோய் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் அந்த ஏழையின் கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அடுப்பு எரிகிறதா, எரிந்தால் அதில் என்ன வேகிறது என்று கேட்பது மருத்துவத்தின் வேலை இல்லை என்பது இந்த நாட்டில் அறுபது ஆண்டுகளாக எழுதப்படாத விதி. அந்த விதி தவறு என்பது 2023 ஆகஸ்டில் நிரூபணமாகிவிட்டது. அதன் பிறகும் அதையே கடைப்பிடிப்பவர்களை அறியாமல் செய்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. அது அநீதி.

நிரூபித்தவர்கள் மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் அவர்களோடு உழைத்த பெரிய குழுவும். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்காளி. பணம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினுடையது. அதாவது அரசே காசு கொடுத்து, அரசு நிறுவனமே கூட நின்று செய்த ஆய்வு. எங்கோ வெளிநாட்டில் யாரோ எழுதியது, நமக்குப் பொருந்துமா பார்க்கலாம் என்று தள்ளிப்போட இதில் இடமில்லை.

'ரேஷன்ஸ்' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஆய்வு ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கியது. இடையில் கொரோனாவும் ஊரடங்கும் வந்தன. 2022 ஜூலை வரை கண்காணிப்பு நீடித்தது. நுரையீரல் காசநோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் ஆறு மாதம் மாதாந்திர உணவுப் பை: அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் என்று கணக்கு. நோயாளிக்கு உணவு கொடுக்காமல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அறமாகாது என்று குழு முடிவு செய்ததால், நோயாளிகளில் பாகுபாடு இல்லை. வேறுபாடு குடும்பத்தினரிடம் மட்டும். பாதி இடங்களில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் போனது. மீதி இடங்களில் போகவில்லை.

முதல் நாள் எடை பார்த்தபோதே பாதிக் கதை தெரிந்துவிட்டது. ஆண்களின் சராசரி எடை 43 கிலோவைத் தொடவில்லை. பெண்கள் 36 கிலோ அளவில் இருந்தார்கள். நம் ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் எடை அது. ஐந்தில் நான்கு பேருக்கு ஊட்டக்குறைவு. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது கடுமையானது. பார்கவாக்களுக்கு இது புதிதல்ல. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கத்துக் கனியாரி கிராமத்தில் 'ஜன் ஸ்வாஸ்திய சஹயோக்' நடத்தும் மருத்துவமனையில் பல ஆண்டுகள் இதே உடல்களைப் பார்த்தவர்கள் அவர்கள். நெஞ்சுக்கூடு எண்ணும்படி வந்த நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்வதற்கு முன்பே அவர் இறந்த செய்தியைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள்.

முடிவுகள் இரண்டு. நோயாளிகளில் நூற்றுக்கு 94 பேருக்குச் சிகிச்சை வெற்றி. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு. 40 கிலோ மனிதருக்கு 5 சதவீதம் என்றால் இரண்டே கிலோ! அந்த இரண்டு கிலோதான் பல வீடுகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையில் நின்றது.

இரண்டாவது முடிவு இன்னும் பெரியது. உணவு போன குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும், பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். ஒரே கூரைக்கடியில், இருமும் ஒருவரோடு சேர்ந்து மூச்சுவிட்ட மக்களுக்கு இது நடந்திருக்கிறது. காசநோய்க் கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரின் உடல் அதை அடக்கி வைத்திருக்கும். அடக்கி வைக்கும் தெம்புக்குத்தான் சாப்பாடு வேண்டும்.

இதே பாதுகாப்பை ஓர் ஊசி கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எம்72 என்ற காசநோய்த் தடுப்பூசி, 2019இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வின் இறுதி முடிவில், ஏற்கெனவே தொற்று இருந்த பெரியவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 50 சதவீதப் பாதுகாப்பு தந்தது. உலகமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாம் கட்ட ஆய்வுக்குக் கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 55 கோடி டாலர் ஒதுக்கின. ஒதுக்கியது சரி, அந்தத் தடுப்பூசி வந்தால் நாமும் வரவேற்போம். இரண்டு ஆய்வுகளையும் அப்படியே தராசில் வைக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் 48 சதவீதத்தை அரிசியும் பருப்பும் கொடுத்தபோது ஏன் எந்த அமைச்சரும் செய்தியாளர்களைக் கூட்டித் தேதி குறிக்கவில்லை? பருப்புக்குக் காப்புரிமை கிடையாது. அதனால்தானோ என்று சந்தேகப்படத் தோன்றுகிறது.

பசித்தவனுக்குச் சோறு போட்டால் நல்லது என்று சொல்ல ஓர் ஆய்வு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெட்கம் ஆய்வாளர்களுக்கு உரியதல்ல. ஆதாரம் கொண்டுவா என்று அவர்களைப் பல ஆண்டுகள் வாசலில் நிறுத்தியவர்களுக்கு உரியது. இப்போது ஆதாரம் வந்துவிட்டது. வாசலில் நிற்பது மட்டும் மாறவில்லை.

இந்தப் பிடிவாதத்தின் வேர் நம் சென்னையில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் காசநோய்க்கு மருந்தே இல்லை. பால், முட்டை, ஓய்வு, நல்ல காற்று என்று நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியது அப்படி ஒன்று. இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம்தான். 1950களில் மருந்துகள் வந்தன. ஆனால் படுக்கைகளோ சொற்பம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டு நிறுவனத்தின் முன்னோடி அதுதான். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள்; ஒரு பகுதியினரை நகரின் நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கவைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வும் கிடையாது. ஆனாலும் ஓராண்டு முடிவில் அவர்களும் ஏறக்குறைய மற்றவர்களுக்கு இணையாகவே குணமாகியிருந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற அதுதான் வழி திறந்தது. சென்னை பெருமைப்பட வேண்டிய சாதனை.

பிழை அந்த ஆய்வில் இல்லை. அதைப் படித்தவர்களிடம் இருந்தது. 'நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும்' என்று சென்னை சொன்னது. 'சாப்பாடே தேவையில்லை' என்று கருவூலங்கள் காதில் வாங்கிக்கொண்டன. சளியில் கிருமி மறைகிறதா என்பது அன்றைய கேள்வி. 34 கிலோவில் வருகிறவர் இரண்டு மாதம் உயிரோடு இருப்பாரா, அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்து நோய் வராமல் இருக்குமா என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கும் அதே பதிலை ஒட்டிக்கொண்டது வசதிக்காகச் செய்த வேலை. மாத்திரை விலை குறைவு, பருப்பு விலை அதிகம்.

கேள்வி கேட்டிருந்தால் பதில் தொலைவில் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் என்ற ஊரில் 1918இலேயே காசநோயாளிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தி, வேலையும் கூலியும் வீடும் சாப்பாடும் கொடுத்தார்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றியது; ஆனால் நோயாக முற்றியது மிகக் குறைவு. அந்தப் பழைய ஏடுகளைத் தூசி தட்டி 2012இல் மறுபடி ஆராய்ந்து எழுதியவர்களில் இதே பார்கவாக்களும் உண்டு. ஜார்க்கண்டில் செய்தது அதன் தொடர்ச்சி.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 2018 ஏப்ரலில் நிக்ஷய் போஷண் திட்டம் வந்தது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய். ஆறரை ஆண்டுகள், நடுவில் ஒரு பெருந்தொற்றும் எத்தனையோ விலையேற்றமும் வந்துபோக, அந்த 500 அசையவே இல்லை. 2024 நவம்பரில்தான் 1,000 ஆனது. மிகவும் மெலிந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துமாவு தருவதாகவும் சேர்த்துக்கொண்டார்கள். பாராட்டத்தான் வேண்டும்; தாமதத்தையும் சேர்த்தே பாராட்ட முடியாது.

ஆயிரம் ரூபாய் என்பது நாளுக்கு 33 ரூபாய். அரை லிட்டர் பால், ஒரு முட்டை, அவ்வளவுதான். அந்த முட்டை யார் வயிற்றுக்குப் போகும் என்று யோசியுங்கள். நோயாளி ஒரு தாய் என்று வையுங்கள். வட்டிலைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒற்றை முட்டையை உரித்துத் தானே தின்கிற தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? முட்டை நான்காகப் பிளக்கப்படும். பெரும்பாலும் அவளுக்கு மஞ்சள் கருவின் துணுக்குகூட மிஞ்சாது. சிகிச்சை பிடிக்கத் தொடங்கியதும் அடங்கிக் கிடந்த பசி திரும்பி வரும். வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை குமட்டும். 'மாத்திரை ஒத்துக்கல' என்று அட்டையைத் தூக்கி வைத்துவிடுவார்கள். சிகிச்சையை இடையில் கைவிட்டவர் என்று பதிவேட்டில் அவர்மேல் பழி விழும். குடும்பத்துக்கும் சேர்த்து உணவு கொடுத்தால்தான் நோயாளியின் உணவு நோயாளிக்குப் போகும். ஜார்க்கண்ட் ஆய்வின் அமைப்பிலேயே இந்த எளிய உண்மை இருக்கிறது.

இங்கேதான் நம் கண்டனம். குடும்பத்தினருக்கான உணவை அரசு தன் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை; கொடையாளிகள் பக்கம் தள்ளிவிட்டது. 2022 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்த இயக்கத்தில் 'நிக்ஷய் மித்ரா' என்ற பெயரில் தனியாரும் நிறுவனங்களும் மக்கள் பிரதிநிதிகளும் நோயாளிகளைத் 'தத்து' எடுக்கலாம். 2024இல் அதைக் குடும்பத்தினருக்கும் விரித்தார்கள். நல்ல மனத்தோடு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கொடையாளி கிடைத்த ஊரில் பருப்பு, கிடைக்காத ஊரில் பட்டினி என்பதற்குப் பெயர் பொதுச் சுகாதாரமா? சில இடங்களில் பையை வாங்கிக்கொண்டு, கொடுப்பவரின் பக்கத்தில் நின்று, முகம் தெரியப் படம் எடுத்துக்கொள்ளவும் நேர்கிறது. காசநோய் என்று தெரிந்தால் இன்னும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது. அந்தச் சமூகத்தில் ஒரு பை அரிசிக்காக ஒருவரின் நோயை ஊர் பார்க்க வைப்பது தர்மம் ஆகாது. ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு நாம் கொடையாளி தேடுவதில்லை. அது உரிமை. அதே சிகிச்சையின் இன்னொரு பாதி மட்டும் எப்படிப் பிச்சையாயிற்று?

செலவு என்பார்கள். கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆய்வின்போது நோயாளியின் பைக்கு மாதம் 13 டாலர், வீட்டில் மற்றவர்களுக்குத் தலைக்கு 4 டாலர் ஆனது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 30 குடும்பங்களுக்கு, அதாவது 111 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும். அந்த 111 பேருக்கு ஆறு மாதத்துக்கு 2,700 டாலருக்குள் அடங்கும். நிதித்துறை அதிகாரி இந்த எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தலாம். ஒருவருக்காக 111 பேருக்கா என்பார். தடுப்பு மருந்தாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. நோய் வரப்போகாத 110 பேர் விழுங்கியது வீண்தான். பருப்பு அப்படி வீணாகாது. அந்த 110 பேரும் ஆறு மாதம் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஏற்கெனவே மெலிந்து கிடந்த குடும்பங்கள் அவை. இதை நஷ்டக் கணக்கில் எழுதும் பேரேடு நமக்கு வேண்டாம்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தை அரசு ஏற்கெனவே பெரும்பாலான ஏழைகளுக்குக் கொடுத்துவருகிறது. அதில் பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. கட்டமைப்பு இருக்கிறது, கடை இருக்கிறது, தராசு இருக்கிறது. சேர்க்க வேண்டியது கொஞ்சம், சேர்க்கத்தான் மனமில்லை.

இந்தத் தயக்கத்தின் விலையையும் சொல்லிவிட வேண்டும். 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018 மார்ச்சில் தில்லி மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். உலகம் வைத்த கெடுவுக்கு ஐந்தாண்டு முன்னதாக. 2015இல் ஒரு லட்சம் பேருக்கு 237 என்று இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2024இல் 187 ஆனது. 21 சதவீதக் குறைவு. உலகச் சராசரியைவிட நல்ல வேகம். ஆனால் இலக்கு 80 சதவீதம். இன்றும் உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் இறக்கிறார்கள். நோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகள் வந்தன, புதிய மருந்துகள் வந்தன, கைபேசிச் செயலி வந்தது. எல்லாம் நல்லவை. எதுவும் வயிற்றை நிரப்பவில்லை.

தமிழ்நாட்டுக்குத் தனியாக ஒரு சொல். இந்த மாநிலம் 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் உறுதியான உடனேயே களப்பணியாளர் எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, கால் வீக்கம் இவற்றைப் பார்க்கிறார்; பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார். நிலைமை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நாட்டுக்கே வழிகாட்டும் திட்டம். பசியால் மெலிந்த உடலை அபாய அறிகுறி என்று முதலில் ஏற்றுக்கொண்ட அரசு இது. அப்படியானால் அடுத்த படியை எடுக்கத் தயங்குவானேன்? மெலிவை அளந்து எழுதத் தெரிந்த அரசுக்கு அதைப் போக்கவும் தெரிய வேண்டும்.

இங்கே வாய்ப்பும் அதிகம். பெரும்பாலான மாநிலங்களில் இல்லாத அனைவருக்குமான பொது விநியோகம் இங்கே இருக்கிறது. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் ரேஷன் கடையில் கிடைக்கின்றன. பருப்பு 30 ரூபாய், குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கும் அதே ஒரு கிலோதான் என்பது தனிப் பிரச்சினை. காசநோய் உறுதியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்த அட்டைக்குக் கூடுதல் பருப்பும் எண்ணெயும் இலவசம், நோயாளிக்கு ஆவின் பால் பவுடரும் முட்டையும் என்று ஓர் அரசாணை போதும். பில் போடும் கருவியில் நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. கூடுதல் அளவு மட்டும் தெரிந்தால் போதும். கடைக்காரரும் அறிய வேண்டாம், வரிசையில் நிற்கும் அக்கம்பக்கமும் அறிய வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான காசநோயாளிகள் தமிழ்நாட்டில் பதிவாகிறார்கள். ஜார்க்கண்ட் ஆய்வின் செலவை வைத்து, விலையேற்றத்தையும் சேர்த்து, வீட்டுக்கு நாலு பேர் என்று கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 200 கோடி ரூபாயைத் தாண்டாது. மூன்று லட்சம் கோடியைக் கடந்த வரவு செலவுத் திட்டத்தில் இது எந்த மூலைக்கு? மத்திய அரசின் ஆயிரம் ரூபாயை நிறுத்திவிட்டுப் பொருள் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வேலைக்குப் போக முடியாத வீட்டில் பணத்துக்கும் தேவை இருக்கிறது. பஸ் கட்டணமும் வாடகையும் பருப்பால் தீராது. இரண்டும் வேண்டும்.

தில்லிக்கும் ஒரே ஒரு கோரிக்கை. மத்தியக் காசநோய்ப் பிரிவு தன் சிகிச்சை நெறிமுறையில் மருந்துக்குப் பக்கத்திலேயே உணவையும், நோயாளிக்கும் குடும்பத்துக்கும், அளவோடு எழுத வேண்டும். கொடையாளிகள் தருவது அதற்கு மேல் வரட்டும்.

உணவு உயிர் காக்கும் என்பதை இந்த அரசின் பணத்திலேயே, இந்த அரசின் விஞ்ஞானிகளும் சேர்ந்து நிரூபித்துக் கொடுத்தும் அந்த உணவை நிறுத்தி வைத்திருப்பவர்கள், தடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு சாவுக்கும் பொறுப்பாளிகள். தமிழ்நாட்டு முதலமைச்சரும் மக்கள் நல்வாழ்வுத் துறை, உணவுத் துறை அமைச்சர்களும் கூடிப் பேசி, அடுத்த நிதிநிலை அறிக்கைக்குக் காத்திராமல், இந்தக் கூடுதல் ரேஷனுக்கான ஆணையை உடனே பிறப்பிக்க வேண்டும்.